கேம்பர் வேனின் கூரை ஜன்னல் ஒழுகினால்: பூசுவதா, கழற்றி அமர்த்துவதா, மாற்றுவதா?

கேம்பர் வேனின் கூரை ஜன்னலைச் சுற்றி ஒழுக்கு கண்டால் உரிமையாளருக்கு ஐந்து வழிகள் இருக்கின்றன. இருக்கிற இடத்திலேயே மேலே பசை பூசி அடைக்கலாம். மூடியின் ரப்பர் பீடிங்கை மட்டும் மாற்றலாம். ஜன்னலை முழுவதாகக் கழற்றி, பழைய பசையைச் சுரண்டிவிட்டுத் திரும்ப அமர்த்தலாம். புது ஜன்னல் வாங்கிப் போடலாம். தொல்லையே வேண்டாம் என்று ஓட்டையைத் தகடு வைத்து மூடிவிடவும் செய்யலாம். இலங்கை மலையகத்தில் ஓடுகிற பெரும்பாலான வேன்களுக்கு மூன்றாவது வழியே சரி என்பது என் முடிவு. முதல் வழி இங்கே மிக அதிகமாகப் பின்பற்றப்படுகிறது, மிக அதிகமாக வேன்களைக் கெடுப்பதும் அதுதான்.

வெளிநாட்டுக் கையேடுகளை அப்படியே இங்கே பின்பற்ற முடியாததற்கு நம் மலைகளின் காலநிலை காரணம். கினிகத்தேனை, வட்டவளைப் பக்கம் ஆண்டு மழை 5,000 மில்லிமீற்றர் அளவைத் தொடுகிறது. நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஆயிரம் மீற்றர் ஏறினால் புற ஊதாக் கதிர் சுமார் பத்து விழுக்காடு கூடும் என்பது பொதுக் கணக்கு. அப்படியென்றால் கொழும்பில் நிற்கும் வேனைவிட நுவரெலியாவில் நிற்கும் வேனின் பிளாஸ்டிக் மூடி கூடுதலாக வெயிலைத் தின்கிறது, குளிராக இருப்பதால் யாருக்கும் அது உறைப்பதில்லை. ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் விடியற்காலை புல்வெளியில் உறைபனி படியும், அதே நாள் நண்பகலில் கூரைத் தகட்டில் கை வைக்க முடியாது.

இந்தச் சூடும் குளிரும் என்ன செய்கின்றன என்பதைக் கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. ஐரோப்பிய அளவுக் கூரை ஜன்னல் ஒன்றின் திறப்பு 400 மில்லிமீற்றர் சதுரம். அமெரிக்க அளவு 14 அங்குலம், ஏறத்தாழ 356 மில்லிமீற்றர். 400 மில்லிமீற்றர் நீளமுள்ள ஏபிஎஸ் பிளாஸ்டிக் விளிம்பு, வெப்பநிலை 40 பாகை மாறினால் ஒரு மில்லிமீற்றருக்குச் சற்று அதிகமாக விரியும். அதன் கீழே இருக்கும் இரும்புத் தகடு அதே 40 பாகைக்கு 0.2 மில்லிமீற்றர்கூட விரியாது. ஆக, ஒவ்வொரு நாளும் பிளாஸ்டிக் விளிம்பு தகட்டின் மேல் ஒரு மில்லிமீற்றர் அளவுக்கு முன்னும் பின்னும் நகர்கிறது. இடையில் இருக்கும் பசை அந்த அசைவைத் தாங்க வேண்டும். ஹட்டனிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் வளைவுகளில் வேனின் உடல் முறுக்கிக்கொள்வது இதற்கு மேல்.

எந்த வழியைத் தேர்வதற்கும் முன்னால், வந்திருப்பது மழைநீர்தானா என்று உறுதிப்படுத்த வேண்டும். மலையகத்தில் இதைத் தவறாக எடுத்துக்கொள்வது மிகச் சாதாரணம். இரண்டு பேர் கதவுகளை அடைத்துக்கொண்டு இரவு உறங்கினால், விடிவதற்குள் அவர்களின் மூச்சிலும் வியர்வையிலுமாக அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை நீர் காற்றில் சேர்ந்துவிடும். எரிவாயு அடுப்பு இன்னும் மோசம்: ஒரு கிலோ எரிவாயு எரிந்தால் ஒன்றரை லிட்டருக்கு மேல் நீராவியாகிறது. வெளியே எட்டுப் பத்துப் பாகை குளிர் இருக்கும்போது அந்த ஈரம் முழுவதும் கூரை ஜன்னலின் மூடியிலும் உலோகச் சட்டத்திலும் போய்க் குளிர்ந்து சொட்டுகிறது. பார்ப்பவர் ஜன்னல் ஒழுகுகிறது என்கிறார், மேலே ஏறிப் பசை பூசுகிறார், மறுநாளும் சொட்டுகிறது.

இரண்டையும் பிரித்தறிவது கடினமில்லை. மழையே பெய்யாத இரவுக்குப் பிறகும் சொட்டினால் அது உள்ளிருந்து வந்த ஈரம். அது மூடியெங்கும், திருகாணித் தலைகளிலெல்லாம் சீராகப் பனித்திருக்கும். மழைநீர் ஒரு மூலையைப் பிடித்து வரும், ஒட்டுப்பலகையில் விளிம்பு கறுத்த பழுப்புக் கறையை விட்டுச் செல்லும். சந்தேகம் தீராவிட்டால், ஜன்னலை வெளிப்புறத்தில் விளிம்போடு சேர்த்துப் பொலித்தீன் தாளால் மூடி நான்கு பக்கமும் ஒட்டிவிட்டு ஒரு மழைக்குக் காத்திருங்கள். அப்போதும் ஒழுகினால் குற்றவாளி ஜன்னல் அல்ல. கூரை மூட்டையோ, மேலே பூட்டிய கம்பித் தாங்கியின் துளைகளையோ, சூரிய மின்தகட்டின் கம்பி நுழையும் இடத்தையோ தேட வேண்டும். நீர் கூரைக்கும் உட்பலகைக்கும் இடையில் வெகுதூரம் ஓடி வந்து சொட்டக் கூடியது, சொட்டுகிற இடத்துக்கு நேர் மேலே ஓட்டை இருக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

மலையகத்துக்கே உரிய இன்னொரு விஷயம் சரிவு. நம் ஊர்களில் வேனைச் சமதரையில் நிறுத்த இடம் கிடைப்பது அரிது. மூக்கு மேலே தூக்கி நிற்கும் வேனின் கூரையில் நீர் பின்னோக்கி ஓடி, ஜன்னல் சட்டத்தின் முன்விளிம்பில் முட்டித் தேங்குகிறது. யூக்கலிப்டஸ் மரத்தடியில் நிறுத்தினால் இலைகள் அங்கே அணைகட்டிவிடுகின்றன. எனவே வாரக்கணக்கில் ஒரே சரிவில் நிற்கும் வேனில், மேட்டுப் பக்கம் பார்த்த விளிம்பே முதலில் விட்டுக்கொடுக்கும். சோதிக்கும்போது அங்கிருந்து தொடங்குங்கள்.

ஒழுக்கு உறுதியானால் வழிகளுக்கு வருவோம். மேலே பூசுவது மலிவு, அரை மணி நேர வேலை, ஏணி ஒன்றும் பசைத் துப்பாக்கி ஒன்றும் போதும். லயத்துத் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டுத்) தகரக் கூரையின் ஆணித் துளைகளுக்குத் தார் வைத்து அடைத்த பழக்கம் நம்மிடம் தலைமுறைகளாக இருக்கிறது, அதனால் கை தானாகவே அங்கே போகிறது. லயக் கூரை ஓடுவதில்லை, அங்கே தகரத்தோடு தகரம் ஒட்டுகிறது, தார் அதற்குப் போதும். வேன் கூரையில் தார் வெயிலில் இளகி வழியும். அதிலுள்ள எண்ணெய்ப் பொருள்கள் மூடியின் பீடிங்காக வரும் ஈபிடிஎம் என்ற செயற்கை ரப்பரை ஊதவைத்துக் கெடுக்கும். பின்னால் யாராவது ஒழுங்காகச் சரிசெய்ய வந்தால் அதைச் சுத்தம் செய்வதற்கே ஒரு நாள் போய்விடும்.

சிலிக்கோன் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் எந்தச் சிறிய ஹார்ட்வெயார் கடையிலும் அதுதான் கிடைக்கிறது. அதன் நெகிழ்ச்சியிலோ வெயில் தாங்கும் திறனிலோ குறையில்லை. மற்றப் பல பசைகளைவிட அது வெயிலை நன்றாகவே தாங்கும். வினாகிரி மணம் வீசும் வகை உலரும்போது அசற்றிக் அமிலத்தை விடுகிறது. அது வெட்டிய தகட்டின் வெற்று விளிம்பில் துருவைத் தொடங்கிவைக்கும். மணமற்ற நடுநிலை வகையில் இந்தக் கேடு இல்லை. ஆனால் இரண்டு வகைக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு: சிலிக்கோன் பட்ட இடத்தில் பிறகு வேறெந்தப் பசையும் வர்ணமும் பிடிக்காது. பழைய சிலிக்கோன் மேல் பூசிய புதுச் சிலிக்கோன்கூட ஒழுங்காகப் பற்றாது. அவசரத்துக்குப் பூசிய ஒரு குழாய், அடுத்த ஐந்து வருடப் பராமரிப்பைக் கடினமாக்கிவிடுகிறது. எனக்குத் தெரிந்த டிங்கர் அண்ணன் ஒருவரிடம் ஒழுகும் வேனைக் கொண்டுபோனால் முதலில் கேட்பது, "தம்பி, இதற்கு முன்னால் இதில் யாராவது சிலிக்கோன் அடித்தார்களா?" என்பதுதான். ஆமென்றால் கூலி கூடும். அது நியாயமான கூலி.

மேற்பூச்சின் பெரிய கேடு வேறு. வெளிவிளிம்பு அடைபட்டாலும் சட்டத்துக்கு அடியில் ஏற்கெனவே புகுந்த நீர் வெளியேற வழியில்லாமல் உள்ளே நிற்கிறது. ஒழுக்கு நின்றதுபோலத் தெரியும், தகடு மறைவாகத் துருவேறிக்கொண்டே இருக்கும், ஒட்டுப்பலகை உளுத்துப்போகும். நடுப்பயணத்தில், உள்ளே பிள்ளைகள் படுத்திருக்க மழை கொட்டும்போது, ஒட்டுநாடாவால் அடைத்துக்கொண்டு வீடு வந்து சேர்வது வேறு விஷயம், அதற்கு நான் மறுப்புச் சொல்லமாட்டேன். அகலமான பியூட்டைல் (பிசுபிசுப்பான செயற்கை ரப்பர்) மேலொட்டு நாடா அந்த வேளைக்குச் சிலிக்கோனைவிட நல்லது, பிறகு உரித்தெடுக்கும் இடத்தில் வேறு பசை பிடிக்கும்.

ரப்பர் பீடிங் மாற்றுவது மிகச் சிறிய வேலை, பலருக்கு நினைவுக்கே வராத வேலையும்கூட. மூடிக்கும் சட்டத்துக்கும் நடுவே உள்ள ரப்பர் வருடக்கணக்கில் அமுங்கிக் கிடந்து தட்டையாகிவிடும், அழுத்தம் நீங்கினாலும் பழைய உருவத்துக்கு வராது. சோதிக்க ஒரு துண்டுக் காகிதம் போதும். அதை ரப்பருக்கும் மூடிக்கும் இடையில் வைத்து மூடிவிட்டு இழுங்கள். இறுக்கமாக வந்தால் நல்லது. தடையில்லாமல் வழுக்கி வந்தால் அந்த இடத்தில் ரப்பர் செத்துவிட்டது. நான்கு பக்கமும், மூலைகளிலும் இப்படிப் பாருங்கள். கீல் இருக்கும் பக்கம் மட்டும் இறுக்கமாகவும் பூட்டும் பக்கம் தளர்வாகவும் இருந்தால் ரப்பரைக் குறை சொல்லாதீர்கள், மூடி வளைந்திருக்கிறது அல்லது கொக்கி தேய்ந்திருக்கிறது.

ரப்பரைப் பேணுவதில் ஒரு கெட்ட பழக்கம் இங்கே இருக்கிறது: மண்ணெண்ணெயால் துடைப்பது, வாஸ்லைன் பூசுவது. இரண்டும் எண்ணெயிலிருந்து வந்தவை, ஈபிடிஎம் ரப்பருக்கு இரண்டும் ஆகாது. சவர்க்கார நீரில் கழுவி உலர்த்தி, சிலிக்கோன் எண்ணெய்த் தெளிப்பை ஒரு துணியில் எடுத்து ரப்பரில் மட்டும் மெல்லத் தடவினால் போதும். தெளிப்பை நேரடியாக அடித்தால் அது கூரைத் தகட்டிலும் படியும், பிறகு அங்கே பசை பிடிக்காது. மூடியைத் தின்னரால் துடைப்பது இதைவிடப் பெரிய சேதம். அக்ரிலிக்கும் பொலிகார்பனேட்டும் அதில் நுண்வெடிப்பு விட்டுக் கலங்கிப்போகும்.

பீடிங் நன்றாக இருக்கிறது, மூடியும் நன்றாக இருக்கிறது, ஆனாலும் சட்டத்தைச் சுற்றி நீர் வருகிறது என்றால் கழற்றி அமர்த்தும் வேலைதான். இதில் பசைத் தேர்வு முக்கியம். மூன்று பொருள்கள் போட்டியில் இருக்கின்றன.

வாகனக் கண்ணாடி ஒட்டப் பயன்படும் பொலியூரித்தேன் பிடித்தால் விடாது. அதன் பலமே அதன் குறை: அடுத்த முறை கழற்ற வேண்டிவந்தால் சட்டம் உடையாமல் வராது. வெயில் பட்டால் மேற்பரப்பு மஞ்சளாகி மாவுபோல உதிரும். அழுத்தத்தில் வெடிக்கக் கூடிய ஒளிபுகும் பிளாஸ்டிக்குகளுக்கு ஏற்றதல்ல என்று தயாரிப்பாளர்களே எச்சரிக்கிறார்கள். எம்எஸ் பொலிமர் வகைப் பசை வெயிலைக் கூடுதலாகத் தாங்கும், இரும்பு, அலுமினியம், பைபர், ஏபிஎஸ் எனப் பலவற்றிலும் பிடிக்கும், பின்னாளில் கத்தி வைத்து அறுத்துக் கழற்றவும் முடியும். மூன்றாவது பியூட்டைல் நாடா. அது ஒருபோதும் உலர்ந்து இறுகுவதில்லை, என்றும் பிசுபிசுப்பாகவே இருந்து பிளாஸ்டிக்கின் தினசரி அசைவுக்கு இடம்கொடுக்கும். ஆனால் வெளியே தெரியும்படி விட்டால் தூசியைப் பிடித்துக் கறுத்து வெயிலில் காய்ந்துபோகும்.

ஆகவே ஒன்றைத் தேர்ந்து மற்றதை விடுவதைவிட, சட்டத்தின் அடியில் பியூட்டைல், வெளிவிளிம்பைச் சுற்றி எம்எஸ் பொலிமர் என இரண்டையும் சேர்ப்பதே மலையகத்துக்கு நான் பரிந்துரைப்பது. வெளிப் பசை வெயிலையும் மழையையும் ஏற்றுக்கொள்ளும், உட்பசை அசைவை ஏற்றுக்கொள்ளும். செலவு சிலிக்கோன் பூசுவதைவிடப் பல மடங்கு, வேலை ஒரு முழு நாள். ஆனால் ஒழுக்கு திரும்பினால் வெளிவிளிம்பை அறுத்துவிட்டு மறுபடி திறந்து பார்க்க முடியும். வாடகைக்கு விடுகிற வேனுக்கு இந்த வசதி பெரிது.

செய்முறையில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. ஹைஏஸ் போன்ற வேன்களின் கூரையில் நீளவாக்கில் வரிமேடுகள் ஓடுகின்றன. தட்டையான சட்டத்தை அவற்றின் மேல் வைத்தால் பள்ளங்களில் இடைவெளி விழும். அதைப் பசையால் நிரப்பிவிடலாம் என்று நினைப்பது வீண். மேடுபள்ளத்துக்கு ஏற்ப வெட்டிய பைபர் அல்லது பிளாஸ்டிக் இடைச்சட்டம் ஒன்றை முதலில் ஒட்டி மட்டப்படுத்த வேண்டும். கழற்றியதும் வெட்டு விளிம்பைப் பாருங்கள், துரு இருந்தால் வெள்ளித் தகடு தெரியும்வரை தேய்த்து, துருத்தடுப்பு முதற்பூச்சுப் பூசி, நன்றாக உலரவிட்ட பிறகே பசை. துடைக்க ஸ்பிரிட் பயன்படுத்தினால் அது முழுவதும் ஆவியாகும்வரை பொறுங்கள். உலராத பொலியூரித்தேனில் ஸ்பிரிட் பட்டால் அது இறுகாமலே போய்விடும்.

திருகாணிகளை வெறிகொண்டு முறுக்குவது அடுத்த பிழை. பிளாஸ்டிக் விளிம்பு வெடிக்கும் என்பது ஒரு பக்கம். பசை முழுவதும் பிதுங்கி வெளியேறிக் காகிதக் கனத்துக்கு ஆகிவிட்டால் முன்சொன்ன ஒரு மில்லிமீற்றர் அசைவை அது தாங்காது, கிழிந்துவிடும். இரண்டு மில்லிமீற்றர் கனமாவது அடியில் நிற்க வேண்டும். குளிர்காலைப் பொழுதில் பியூட்டைல் விறைத்திருக்கும், ஒட்டுவதற்கு முன் வெயிலில் வைத்து இளக்குங்கள். எதிரெதிர் மூலைகளாகச் சிறிது சிறிதாக முறுக்கி, நண்பகலில் ஒருமுறை, மறுநாள் ஒருமுறை திரும்பப் பாருங்கள்.

பொலியூரித்தேனும் எம்எஸ் பொலிமரும் காற்றின் ஈரத்தை எடுத்தே இறுகுகின்றன, எனவே மூடுபனி அவற்றுக்குப் பகையல்ல. ஒட்டும் பரப்பு ஈரமாக இருப்பதே பகை. சாதாரண வெப்பநிலையில் ஒரு நாளுக்கு மூன்று மில்லிமீற்றர் ஆழம்வரை இறுகும் பசை, நுவரெலியாக் குளிரில் அதைவிட மெதுவாகவே இறுகும். காலைப் பனி வற்றிய பின் பத்து மணிக்குத் தொடங்கி, பிற்பகல் மழைக்கு முன் முடிப்பதே முறை. மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடிமழை ஏறத்தாழ நிச்சயம், அம்மாதங்களில் கூரையுள்ள கராஜ் இல்லாமல் ஜன்னலைக் கழற்றாதீர்கள்.

இங்கே மலையகம் நமக்கு ஒரு சலுகையும் தருகிறது. மே முதல் செப்டெம்பர் வரை ஹட்டன், மஸ்கெலியா, வட்டவளை நனைந்துகொண்டிருக்கும்போது, மலைமுகட்டுக்கு அப்பால் வெலிமடை, பண்டாரவளைப் பக்கம் கச்சான் எனும் தென்மேற்குக் காற்று காய்ந்து வீசுகிறது. டிசெம்பர், ஜனவரியில் வாடைமழை (வடகீழ்ப் பருவமழை) பதுளை, பசறையை நனைக்கும்போது மேற்குச் சரிவு ஒப்பீட்டளவில் உலர்ந்திருக்கும். ஜூலையில் ஹட்டனில் ஜன்னல் ஒழுகத் தொடங்கினால் அடுத்த ஜனவரிவரை தார்ப்பாய் கட்டிக் காத்திருக்கத் தேவையில்லை. வேனை ஓட்டிக்கொண்டு வெலிமடைப் பக்கம் போய் இரண்டு நாள் உறவினர் வீட்டு முற்றத்தில் நிறுத்தி வேலையை முடிக்கலாம். வேன் ஓடும் வீடு என்பதால் கிடைக்கும் வசதி இது. பயன்படுத்துகிறவர்கள் குறைவாக இருப்பது எனக்கு வியப்பே.

புது ஜன்னல் எப்போது? மூடி வெளிறி, விரலால் அழுத்தினால் நொறுங்கும் நிலைக்கு வந்திருந்தால், அல்லது சட்டத்தின் திருகாணித் துளைகளைச் சுற்றி வெடிப்பு ஓடியிருந்தால், பழையதைத் திரும்ப அமர்த்துவது வீண் உழைப்பு. மூடி மட்டும் போயிருந்தால் மூடியை மட்டும் வாங்கலாம், ஆனால் கீலின் வடிவம் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் வேறுபடும் என்பதால் படம் எடுத்து, அளந்து, ஒப்பிட்டுப் பார்த்தே வாங்குங்கள். மாற்றுவதென்று முடிவானால் இரட்டைத் தோல் அக்ரிலிக் மூடி நம் குளிருக்கு ஏற்றது, உட்பரப்பு அவ்வளவு குளிராததால் பனித்துச் சொட்டுவது குறையும். அதோடு மழையிலும் திறந்துவைக்கத் தக்க மேற்கவசம் ஒன்றும் பொருத்தினால், கதவடைத்த இரவுகளின் ஈரத் தொல்லை பெருமளவு தீரும். பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால், அழகான புது ஜன்னலைவிட அந்தக் கவசத்துக்கே என் வாக்கு.

ஓட்டையை நிரந்தரமாக மூடிவிடும் யோசனையை நான் பெரும்பாலும் மறுப்பேன். உறங்க மட்டும் பயன்படும், பக்க ஜன்னல்களில் நல்ல காற்றோட்டம் உள்ள வேனுக்கு அது பொருந்தலாம். உள்ளே எரிவாயு அடுப்பு எரியும் வேனுக்குப் பொருந்தாது. அடுப்பிலிருந்து கசியும் எரிவாயு காற்றைவிடக் கனமானது, தரையருகே அதற்குத் துளை வேண்டும். எரிந்த புகையும் கார்பன் மொனொக்சைட்டும் வெப்பத்தோடு மேலே எழும், அவற்றுக்குக் கூரையில் வழி வேண்டும். குளிர் என்று எல்லாவற்றையும் அடைத்துவிட்டு அடுப்பை எரியவிட்டு உறங்குவது உயிருக்கு ஆபத்து, ஒழுகும் ஜன்னல் அதனோடு ஒப்பிட ஒன்றுமில்லை.

அமர்த்திய வேலை சரியா என்று பார்க்க, பசை இறுக இரண்டு முழு நாள் விட்டு, வேனை முதலில் மூக்கு மேலாகவும் பிறகு மூக்கு கீழாகவும் சரிவில் நிறுத்தி, ஒவ்வொரு நிலையிலும் கால் மணி நேரம் தோட்டக் குழாயால் மெல்ல நீர் ஊற்றுங்கள். உயர் அழுத்தக் கழுவியை விளிம்புக்கு நேராகப் பிடிக்காதீர்கள், நல்ல பசையையும் அது பிய்த்துவிடும். உள்ளே ஒருவர் உட்பலகையைக் கழற்றிவிட்டு, உலர்ந்த காகிதத்தால் சட்டத்தின் உள்விளிம்பை ஒற்றிக்கொண்டே வரட்டும். மேற்குச் சரிவில் வேன் வைத்திருப்பவர் இதே சோதனையை ஏப்ரல் முடிவதற்குள்ளும், பதுளை, வெலிமடை அடங்கிய ஊவாப் பக்கம் இருப்பவர் நவம்பர் முடிவதற்குள்ளும் வருடந்தோறும் செய்தால், பெரும்பாலான ஒழுக்குகள் வெளிவிளிம்பில் ஒரு மயிரிழை வெடிப்பாக இருக்கும்போதே அகப்பட்டுவிடும். அந்த நிலையில் விளிம்பை மட்டும் அறுத்துவிட்டு எம்எஸ் பொலிமரைத் திரும்ப இட்டால் போதும், ஜன்னலைக் கழற்ற வேண்டிவராது.